ஒரே நுகம்

பொறியியல் மாணவன் ஒருவன் தமிழ்மன்ற மலருக்குக் கட்டுரை தருகிறேன் என்றால், மலர்க்குழுவினர் முதலில் அஞ்சுவது சமன்பாடுகளைத்தான். "கதை கொடு, கவிதை கொடு, கணக்கு மட்டும் வேண்டாம்" என்றார்கள். நான் எழுத வந்திருப்பதோ கணக்கே. அதுவும் பெரிய கணக்கன்று; பெருக்கல். ஓர் எண்ணைக் கொண்டு இரண்டு எண்களைப் பெருக்க வேண்டும். நாலாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும். அந்த ஒரே எண், இரண்டுக்கும் உண்மையிலேயே ஒரே எண்ணாக இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் எனக்குச் சென்ற ஓராண்டு கழிந்தது.

நமக்குக் காது இரண்டு. இடப்பக்கமிருந்து வரும் ஓசை இடக்காதை முதலில் எட்டுகிறது. வலக்காதுக்குச் சற்றுப் பிந்தி எட்டுகிறது. இடையில் தலை நிற்பதால் அங்கே சற்று மெலிந்தும் கேட்கிறது. தாழ்ந்த சுருதிகளில் காலவேறுபாட்டையும், உயர்ந்த சுருதிகளில் வலிமை வேறுபாட்டையும் கொண்டு மூளை திசையை அறிகிறது என்று ராலே பிரபு 1907-ஆம் ஆண்டிலேயே எழுதினார். 1931-ல் இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் இரு தட ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அன்று முதல் இன்றுவரை நாம் ஸ்டீரியோ என்று சொல்லிக் கேட்பதெல்லாம் அந்த வழியில் வந்ததே.

ஸ்டீரியோவில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு ஒலிபெருக்கிகளிலும் ஒரே குரலை ஒரே வலிமையில் விட்டால், குரல் இரண்டுக்கும் நடுவிலிருந்து வருவதாகக் கேட்கும். நடுவில் ஒலிபெருக்கியே இல்லை, வெறும் சுவர்தான். ஒரு பக்கத்தைச் சற்றே குறைத்தால் பாடகர் மறுபக்கம் நகர்ந்துவிடுவார். ஏறக்குறைய 15 டெசிபெல் வேறுபாடு வந்தால் முழுவதும் அந்த மூலைக்கே போய்விடுவார். ஆகவே பாடகர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்ற செய்தி இடத் தடத்திலும் இல்லை, வலத் தடத்திலும் இல்லை. இரண்டின் விகிதத்தில் இருக்கிறது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மீதிக் கட்டுரைக்கு வேறு முதலீடு வேண்டியதில்லை.

இனி தாராவிக்கு வருவோம். தோல் பதனிடும் தொழிலுக்கென்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே குடியேறியவர்கள் மிகப் பலர். அவர்களோடு அவர்களுடைய தெய்வங்களும் வந்தன. தெய்வங்களோடு கொடையும், கொடையோடு வில்லுப்பாட்டும் வந்தன. எங்கள் தெருவில் ஒரு புலவர் இருந்தார். எங்களுக்கெல்லாம் தாத்தா. 2018-ஆம் ஆண்டுக் கொடையில் அவர் பாடியதை உறவினர் ஒருவர் கையடக்கமான ஒலிப்பதிவுக் கருவி ஒன்றில் பதிந்தார். 2021-ல் தாத்தா மறைந்தார். அவர் குரல் இப்பொழுது இருப்பது அந்த ஒரு பதிவில்தான். ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

மூன்றாண்டுக் காலம் அதைக் கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில்தான் எல்லாரும் கேட்டார்கள். ஒருவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டு தடங்களும் ஒன்றாய்க் கலந்து வரும்போது இடம் வலம் என்ற பேச்சே இல்லையல்லவா? நான் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். தாத்தா நடுவில் இருந்தார். வில்லின் இடப்பக்கம் குடம், வலப்பக்கம் உடுக்கை. குடம் 'கும்' என்று ஒலித்த நொடியில் தாத்தா வலப்பக்கம் நகர்ந்து போனார். பிறகு மெல்ல நடுவுக்கு வந்தார். மறுபடியும் 'கும்', மறுபடியும் நகர்ந்தார். கதை சொல்லும் புலவரை யாரோ தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருப்பது போல் இருந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை.

நடந்தது இதுதான். பதிவுக் கருவிகளில் லிமிட்டர் என்று ஓர் அமைப்பு உண்டு. ஓசை அளவுக்கு மீறி வரும்போது அதைச் சட்டென்று குறைத்து, பின் மெதுவாகப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். குறைப்பதற்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு. மீள்வதற்கு அரை நொடி போல. அந்தக் கருவியில் இடத் தடத்துக்கு ஒரு லிமிட்டர், வலத் தடத்துக்கு ஒரு லிமிட்டர், ஒன்றை ஒன்று அறியாமல் வேலை செய்தன. குடத்தின் ஓசை இடத் தடத்தில் ஓங்கி விழுந்தது. இட லிமிட்டர் தன் தடத்தைக் குறைத்தது. அந்தத் தடத்தில் குடம் மட்டுமா இருக்கிறது? தாத்தாவின் குரலில் பாதியும் இருக்கிறது. அந்தப் பாதி குறைந்தது. வலப் பாதி அப்படியே நின்றது. விகிதம் மாறிற்று, ஆள் நகர்ந்தார்.

இது வில்லுப்பாட்டுக்கு மட்டும் நேரும் விபத்தன்று. மாட்டுங்காவை ஒட்டியுள்ள சண்முகானந்த அரங்கில் கச்சேரி கேட்டவர்கள் மேடையை நினைத்துப் பாருங்கள். (1963-ல் திறந்து, 1990-ல் தீக்கிரையாகி, 1998-ல் மீண்டும் எழுந்த அரங்கு அது.) பாடகர் நடுவில். பார்ப்பவருக்கு இடப்பக்கம் மிருதங்கம்; வலப்பக்கம் வயலின். அதே கருவியை அங்கே வைத்தால், தனி ஆவர்த்தனம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில், ஒவ்வொரு பலத்த சொல்லுக்கும் பாடகர் வயலின்காரர் மடியில் போய் விழுவார்.

செம்பூரில் மேடை ஒலியமைப்பையே தொழிலாகக் கொண்ட அண்ணாச்சி ஒருவர் எனக்குத் தெரிந்தவர். கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறி, வடாலாவில் மாறி, அவரிடம் போய்ப் பதிவைக் கொடுத்தேன். அரை நிமிடம் கேட்டார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "தம்பி, வண்டியிலே ரெண்டு மாடு பூட்டினா நுகம் ஒண்ணுதானே இருக்கணும்? இதிலே மாட்டுக்கொரு நுகம் போட்டிருக்கான்" என்றார். பிறகு தம்முடைய பெட்டியில் ஸ்டீரியோ லிங்க் என்று எழுதிய ஒரு பொத்தானைக் காட்டினார். அது எப்போதும் அழுந்தியே இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. நான் படித்த நூல்களில் இதை இதைவிடத் தெளிவாகச் சொன்னது எதுவும் இல்லை. எத்தனை தடமானாலும் பெருக்கும் எண் ஒன்றே. எந்தத் தடம் மிகவும் ஓங்கி ஒலிக்கிறதோ அதைப் பார்த்து அந்த எண்ணைத் தீர்மானிக்க வேண்டும். தீர்மானித்ததை எல்லாத் தடங்களுக்கும் ஒரே நொடியில் ஒரே அளவில் கொடுக்க வேண்டும்.

சொல்வது எளிது. சிறு கருவிகளுக்குள் இருக்கும் கணக்கன் இதைச் செய்யும் விதத்தில்தான் சிக்கல் வருகிறது. விலை மலிந்த, மின்சாரம் குறைவாய்த் தின்னும் சில்லுகள் பல, நிலைப்புள்ளி எண்களிலேயே கணக்குப் போடுகின்றன. 1983-ல் விற்பனைக்கு வந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டி.எம்.எஸ் 32010 முதல் அந்தக் குலம் வாழையடி வாழையாக வருகிறது. நிலைப்புள்ளி என்பது நம் கடைக்காரர் கணக்கு மாதிரி. 12 ரூபாய் 50 காசு என்று புள்ளி வைத்து எழுதாமல் 1250 காசு என்றே எழுதிக்கொண்டு, நூறு காசு ஒரு ரூபாய் என்பதை மனத்தில் வைத்துக்கொள்கிறோம். 16 பிட் கணக்கில் 32768 காசு ஒரு ரூபாய். எண்கள் −32768 முதல் 32767 வரைதான் செல்லும். கவனித்தீர்களா? ஒரு முழு ரூபாயை எழுத இடமில்லை. ஒரு காசு குறைகிறது.

அரையால் பெருக்க வேண்டும் என்றால் பெருக்கும் எண் 16384. ஒலி மாதிரியின் அளவு 20000 எனில் பெருக்கித் தொகை 32,76,80,000. இதை 32 பிட் இடத்தில் வைத்து, 32768-ஆல் வகுத்தால் 10000. சரியான விடை. குறைக்கும்வரை கவலை இல்லை. கூட்டும்போதுதான் கவனம் வேண்டும். இடத்தில் 24000, வலத்தில் 12000 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 2. இரண்டையும் ஒன்றரையால் பெருக்குகிறோம். ஒன்றரையை மேற்சொன்ன முறையில் எழுதவே முடியாது. ஆகையால் 16384 காசு ஒரு ரூபாய் என்று வேறு நாணயத்துக்கு மாறி 24576 என எழுதுகிறோம். விடை 36000-மும் 18000-மும் ஆக வேண்டும். 36000 பெட்டியில் அடங்காது. கண்ணை மூடிக்கொண்டு விட்டால் அது சுற்றிவந்து −29536 ஆகிவிடும். காதில் வெடி வெடித்தது போல் கேட்கும். அதற்காகப் பெரும்பாலோர் 32767-லேயே நிறுத்தி வைக்கிறார்கள். வெடி கேட்காது; நல்லதுதான். ஆனால் விகிதம் என்ன ஆயிற்று? 32767-க்கு 18000. இரண்டாக இருந்தது 1.82 ஆகிவிட்டது. ஒரே எண்ணால்தான் பெருக்கினோம். ஆயினும் ஒரு தடம் மட்டும் கூரையில் முட்டிக்கொண்டதால் நுகம் சாய்ந்தது.

முட்டும் என்பதை முன்கூட்டியே அறிந்து, பெருக்கும் எண்ணையே குறைத்துவிட வேண்டும். 32767-ஐ 24000-ஆல் வகுத்தால் 1.365. அந்த எண்ணால் இரண்டையும் பெருக்கினால் இடம் கூரையைத் தொட்டு நிற்கும். வலம் அதில் சரிபாதி. அல்லது கூரையையே உயர்த்திக் கட்டலாம். அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏ.டி.ஏ.யு 1701 என்னும் சில்லு 28 பிட்டில், 5 பிட்டை முழு எண்ணுக்கும் 23 பிட்டைப் பின்னத்துக்கும் ஒதுக்குகிறது. அங்கே −16 முதல் 16-க்குச் சற்றுக் குறைவு வரை இடம் உண்டு. இடைக்கணக்கெல்லாம் அந்த விசாலத்தில் செய்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு பொதுப் பெருக்கலால் வாசலுக்குள் அடக்கிக்கொள்ளலாம்.

எந்தத் தடம் ஓங்கியது என்று பார்ப்பதிலும் பொறி உண்டு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி பார்ப்போர் இருக்கிறார்கள். ஒன்று மேலே போகையில் மற்றது கீழே போனால் சராசரி சுழியம். பேரொலி இருக்க லிமிட்டர் உறங்கும். தனித்தனியே குறியை நீக்கிப் பெரியதை எடுப்பதே முறை. குறி நீக்குவதிலும் ஒரு குறும்பு: −32768-க்கு நேரெண் 32768, அதற்கு 16 பிட்டில் இடமில்லை. அது மறுபடி −32768 ஆகவே வெளிவந்து, எல்லாவற்றிலும் ஓங்கிய ஓசை எல்லாவற்றிலும் சிறிய எண்ணாகத் தோன்றும். ஒரு வரி எழுதித் தடுத்துவிடலாம். எழுத நினைவிருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் சுவைத்த சிக்கல் வேறொன்று. பெருக்கும் எண் சட்டென்று தாவக்கூடாது. தாவினால் 'டிக்' என்று கேட்கும். ஆதலின் ஒவ்வொரு மாதிரிக்கும், சேர வேண்டிய இடத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியில் 1024-ல் ஒரு பங்கு நடக்கச் சொல்கிறோம். நிலைப்புள்ளியில் 1024-ஆல் வகுப்பது பத்து பிட் வலப்பக்கம் தள்ளுவது, மிச்சம் உதிர்ந்துவிடும். இடைவெளி 1023 ஆனதும் பங்கு சுழியம். 32767-க்கு ஏற வேண்டியது 31744-லேயே நின்றுவிடுகிறது, வாசல் வரை வந்து உள்ளே நுழையாத விருந்தாளியைப் போல. இறங்கும்போதோ இந்தத் தயக்கம் இல்லை. குறை எண்ணை வலப்பக்கம் தள்ளினால் −1 ஆவது மிஞ்சும், ஆகவே அடிவரை இறங்கிவிடும். தடத்துக்கு ஒன்றாக இந்த நடையை வைத்திருந்தால் ஒரு முறை இறங்கி ஏறிய தடம் 31744-லும், இறங்கவே இல்லாத தடம் 32767-லும் நிரந்தரமாய் நின்றுவிடும். கால் டெசிபெல்லுக்குச் சற்று மேலான சாய்வு, யாரும் அடிக்காமலே. பெருக்கும் எண்ணை 32 பிட்டில் வளர்த்து, பயன்படுத்தும்போது மட்டும் மேல் 16 பிட்டை எடுத்துக்கொண்டால் இது தீரும்.

சிறு சில்லுகளில் ஒலியை 256 மாதிரிகள் கொண்ட கட்டுகளாக எடுப்பது வழக்கம். முதலில் இடக் கட்டை முழுதும் பெருக்குகிறோம். பெருக்கும் எண் வழிநெடுகக் குறைந்துகொண்டே வருகிறது. பிறகு வலக் கட்டைத் தொடங்குகிறோம். எந்த எண்ணிலிருந்து? நிரல் எழுதியவர் கவனிக்காவிட்டால், இடம் முடிந்த எண்ணிலிருந்து. நொடிக்கு 44,100 மாதிரி என்ற கணக்கில் வலம் கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஆறு நொடி முந்திவிடும். மாடு இரண்டு, நுகம் ஒன்று. ஆனால் ஒரு மாட்டுக்கு நேற்றைய நுகம், மற்றதற்கு இன்றைய நுகம்! 256 பெருக்க எண்களையும் முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு, அதே பட்டியலை இரு தடங்களுக்கும் வாசிப்பதே நான் கண்ட நல்ல வழி. நினைவிடம் கொஞ்சம் செலவாகும், ஆகட்டும்.

இரண்டு தடத்தோடு இது நிற்பதில்லை. இல்லங்களுக்கு வரும் டால்பி டிஜிட்டல் ஒலியில், ஐந்து தடமும் அடிநாதத் தடம் ஒன்றும் சேர்ந்து வரும்போது, 256 மாதிரி கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் 8 பிட்டில் ஒரு பெருக்கச் சொல்லை அனுப்ப இடம் வைத்திருக்கிறார்கள். 24 டெசிபெல் கூட்டவும் 24 டெசிபெல் குறைக்கவும் அது போதும். ஆறு தடத்துக்கும் அந்த ஒரு சொல்தான். ஆனால் ஒரே ஒரு விலக்கு உண்டு. 1+1 என்னும் ஏற்பாட்டில் இரண்டு தடங்களும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். ஒன்றில் ஒரு மொழி, மற்றதில் வேறு மொழி என்று வரலாம். அங்கே மட்டும் பெருக்கச் சொல் இரண்டு. நம் பம்பாய்க்கு ஏற்ற விலக்கு இது! மராத்தியில் அறிவிப்பாளர் உரக்கக் கூவியதற்காகத் தமிழில் பேசுபவரின் குரலைத் தாழ்த்துவது நியாயமன்றே. ஒரே மேடையில் அமர்ந்தவர்களுக்குத்தான் ஒரே நுகம்.

இனிப் பதியும் பதிவுகளுக்கு இவையெல்லாம் உதவும். ஏற்கனவே பதிந்துவிட்டதற்கு? தாத்தா மறுபடி பாட வரமாட்டார். இந்தக் கேள்விதான் என்னைச் சில மாதம் உறங்கவிடவில்லை.

லிமிட்டர் குறைத்ததை மீண்டும் கூட்டிக் கொடுப்பது முதலில் தோன்றிய வழி. ஆனால் கூட்டினால் குடமும் கூடும்; கூரை முட்டும். வழி எதிர்ப்புறத்தில் இருந்தது. இடத்தை உயர்த்த வேண்டாம். அந்த நொடியில் வலத்தையும் அதே அளவு தாழ்த்திவிடலாம். அன்று கருவி செய்யத் தவறியதை இன்று நாம் செய்வதுதான் அது. குறைப்பது மட்டுமே ஆகையால், மேலே சொன்ன நிலைப்புள்ளி அச்சங்களில் பாதி இங்கே இல்லை. எவ்வளவு குறைப்பது? தொடக்கத்தில் தாத்தா காப்புப் பாடும்போது குடம் ஓய்ந்திருந்தது. அங்கே இட வலக் குரல் விகிதத்தை அளந்து வைத்துக்கொண்டேன். பிறகு பாட்டு முழுதும், குடத்தின் நாதம் அதிகம் எட்டாத 1000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியில், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஒரு முறை அதே விகிதத்தை அளந்தேன். காப்பின் விகிதத்திலிருந்து எவ்வளவு பிறழ்ந்ததோ, அதுவே லிமிட்டர் செய்த சாய்வு. ஓங்கி நின்ற தடத்தை அந்த அளவுக்கு இறக்கினேன். உடுக்கை ஓங்கிய இடங்களில் வேலை இடம் மாறிற்று, முறை அதுவே. குரல் ஓய்ந்து உடுக்கை மட்டும் ஒலிக்கும் இடங்களில் அளவை நம்ப முடியவில்லை. அங்கெல்லாம் முன்னும் பின்னும் கிடைத்த எண்களை நேர்க்கோட்டால் இணைத்து நிரப்பினேன். முழுத் தூய்மை என்று சொல்லமாட்டேன். ஆனால் தாத்தா நகரவில்லை. இரண்டு மணி நேரமும் வில்லுக்குப் பின்னால், நடுவில், அமர்ந்தே கதை சொன்னார்.

ஒரு விளைவு மட்டும் மிஞ்சிற்று. நுகம் இரண்டையும் சேர்த்து இறக்குவதால், குடம் ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் குரல் ஒரு கணம் தாழ்ந்து எழுகிறது. குடத்தின் முழக்கமே அதில் பெரும்பகுதியை மூடிவிடுகிறது. உற்றுக் கேட்டால் தெரியும்.

தாத்தாவின் மகனை நான் மாமா என்று அழைப்பது வழக்கம். 90 அடிச் சாலையில் அவருடைய கடைத் திண்ணையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். வெகுநேரம் பேசாமல் கேட்டார். பிறகு, "ஆமா தம்பி, குடம் விழும்போது அப்பா குரலைக் கொஞ்சம் இறக்கித்தான் பாடுவாரு. குடத்தோட போட்டி போடக்கூடாதும்பாரு" என்றார். அந்த இறக்கத்தில் எவ்வளவு தாத்தாவுடையது, எவ்வளவு என் பெருக்கலுடையது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. இன்னதைச் செய்திருக்கிறேன் என்று மட்டும் அவரிடம் விளக்கினேன். தலையசைத்தார். மூலப் பதிவை ஒன்று எனவும், திருத்தியதை இரண்டு எனவும் பெயரிட்டு இரண்டையும் கொடுத்தேன். அவர் கேட்பது இரண்டாவதைத்தான். ஆனால் முதலாவதையும் அழிக்காமல் வைத்திருக்கிறார்.